அடிதடி கேஸ், அடுத்த வாரம் அ.சா.1 (அரசுத்தரப்பு சாட்சி 1) கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை: எதை வைத்துக்கொண்டு எழுந்து நிற்பது?

மூன்றாம்வருடம் எழுதியது:

சீனியர்கள் எல்லோருக்கும் வணக்கம். வக்கீலாக என்ரோல் ஆகி இது மூன்றாவது வருடம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு அடிதடி கேஸ். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 296(பி), 115(2), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, மிரட்டல்: பழைய 294(பி), 323, 324, 506(2) தான், பெரும்பாலும் நம்பர்தான் மாறியிருக்கிறது. வரப்புத் தகராறு. எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) இரண்டு பேர், அண்ணன் தம்பி. நாம் எதிரி தரப்பு. "இதை நீயே நடத்து" என்று சொல்லி சீனியர் கேஸ் கட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காயம்பட்டவர்தான் அ.சா.1. போன வாய்தாவில் சீஃப் (அரசுத்தரப்பு செய்யும் முதல் விசாரணை) முடிந்தது. அதில் அவர் சொன்னது: இரவு 8.30 மணிக்கு 2-ஆவது எதிரி பின்னாலிருந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், 1-ஆவது எதிரி கட்டையால் தலையில் அடித்தார். ஆனால் அவரே கையெழுத்துப் போட்ட புகாரில், 2-ஆவது எதிரி கெட்ட வார்த்தையில் திட்டினார் என்பதோடு சரி. கையைப் பிடித்த கதையே இல்லை. போலீஸ் வாக்குமூலத்திலும் இல்லை. ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (காயப் பதிவேட்டு நகல்) "தெரிந்த நபர் ஒருவர் கட்டையால் தாக்கியதாக" என்று இருக்கிறது. சம்பவத்துக்கு மறுநாள் காலை 11 மணிக்கு எஃப்.ஐ.ஆர்.

இதையெல்லாம் பார்த்தால் நல்ல கேஸ் மாதிரிதான் தெரிகிறது. பயம் என் மேல்தான். போன மாதம் வேறு ஒரு கேஸில் சீனியர் வர லேட்டானதால் நான் எழுந்து நின்றேன். பார்த்த சாட்சி ஒருவர். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வாய் சும்மா இருக்காமல், "அந்த இருட்டில் அடித்தது இவர்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுவிட்டேன். "பத்து வருஷமா கூடப் பழகுறவங்க. மூஞ்சி எதுக்கு, குரல் போதாதா? அதுவும் போக எதிர்வீட்டு வாசல் லைட்டு எரிஞ்சுது" என்றார். மாஜிஸ்திரேட் லேசாகச் சிரித்துக்கொண்டே அதை அப்படியே டிக்டேட் செய்தார். ஏ.பி.பி. (அரசு வக்கீல்) மறுவிசாரணை, அதாவது கிராஸுக்குப் பிறகு தன் சாட்சியை மறுபடி கேட்பது, இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அவர் செய்ய வேண்டியதை நானே செய்து கொடுத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. எதிரிகள் இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்து, "அவன்தான் சார் முதல்ல கை ஓங்கினான், அதைக் கேளுங்க" என்கிறார்கள். தம்பிக்காரர் தனியாக வந்து "நான் அங்கேயே இல்லை சார்" என்கிறார்.

கேள்விகளை எப்படி எழுதிக்கொண்டு போவது? போலீஸ் வாக்குமூலத்தை எப்படிப் போடுவது? புத்தகத்தில் படித்துவிட்டேன், கோர்ட்டில் நிற்கும்போது கை உதறுகிறது.


கீழ்க்கோர்ட்டுக்காரன் எழுதியது:

தம்பி, கை உதறுவது நல்லது. உதறாதவன் கட்டைப் படிக்காதவன்.

முதலில் அந்த இருட்டுக் கேள்வி. அதில் தப்பு "எப்படி" என்ற சொல். கிராஸில் நம் சாட்சியமும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், ஆனால் வாக்கியம் நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் பதிலை உள்ளேயே வைத்த வழிகாட்டும் கேள்விகளைக் கிராஸில் சட்டமே அனுமதிக்கிறது. "எப்படி", "ஏன்", "என்ன நடந்தது" என்று ஆரம்பித்தால் வாக்கியத்தைக் கட்டுகிற உரிமையை அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் பத்து வருஷப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் கட்டுவார்.

நான் கேள்வி எழுதுவதையே நிறுத்தி ரொம்ப வருஷம் ஆகிறது. டெபோசிஷனில் (கோர்ட்டில் பதிவாகும் சாட்சியத்தில்) என்ன வாக்கியம் இருந்தால் வாதத்தன்று எனக்கு உதவும் என்று அந்த வாக்கியத்தை மட்டும் எழுதுவேன். நம் கோர்ட் டெபோசிஷன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: "புகாரை எழுதி முடித்தபின் எனக்குப் படித்துக் காட்டினார்கள் என்றால் சரிதான்." அவ்வளவுதான். "என்றால் சரிதான்" என்று முடிகிற வாக்கியமாக யோசியுங்கள், கேள்வி தானாக வந்துவிடும். தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் வாக்கியம், வலப்பக்கம் அது எந்தத் தாளில் எந்த வரியில் இருக்கிறது என்று குறிப்பு. வலப்பக்கம் காலியாக இருக்கிற வாக்கியத்தை இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் கேட்பேன். பாதி அடிபட்டுவிடும்.

உங்கள் அ.சா.1-ஐ எடுத்துக்கொள்வோம். உங்களிடம் மூன்று தாள் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு சாமான், ஒரே மாதிரி கையாளக் கூடாது.

புகார். அவர் கையெழுத்துப் போட்டது, அவர் மூலமாகவே ஆவணமாக மார்க் ஆகியிருக்கும். இங்கே வேலை சுலபம். முதலில் கதவுகளைச் சாத்துங்கள். நடந்ததை நீங்களேதான் சொன்னீர்கள். எழுதி முடித்ததும் படித்துக் காட்டினார்கள். சரியாக இருந்ததால்தான் கையெழுத்துப் போட்டீர்கள். நடந்த எதையும் விடவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. எந்தச் சாட்சியும் இதற்கெல்லாம் சந்தோஷமாகச் "சரிதான்" சொல்வார், ஏனென்றால் அவர் நேர்மையானவர் என்று நீங்கள் சொல்வதாக அவர் நினைப்பார். அப்புறம் புகாரை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். படிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். கோர்ட் ஹாலில் அந்த அரை நிமிஷ அமைதி இருக்கிறதே, அதில் பேசாமல் நிற்பதற்குத்தான் எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது. அவர் தலையைத் தூக்கியதும்: "2-ஆவது எதிரி உங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார் என்று இந்தப் புகாரில் இல்லை." தாளில் இல்லாததை இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது.

அங்கே நிறுத்த வேண்டும். "அப்படியானால் இன்றைக்கு ஏன் புதிதாகச் சொல்கிறீர்கள்?" என்று நாக்கு நுனிக்கு வரும். வந்தால் கடித்துக்கொள்ளுங்கள். "தலையில் அடிபட்ட வலியில் விட்டுப்போச்சு சார்" என்பார். உண்மையாகக் கூட இருக்கலாம். ஏ.பி.பி. மறுவிசாரணையில் கேட்டு வாங்கினால் அது அவர் பாடு, நாம் ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

அடுத்தது போலீஸ் வாக்குமூலம். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 180-இல் பதிவு செய்தது. எங்கள் ஆட்கள் இன்னும் "நூத்தி அறுபத்தொண்ணு" என்றுதான் சொல்வோம், புதுச் சட்டங்கள் அமலான 2024 ஜூலை 1 வந்து போனாலும் வாய்க்குப் பழகவில்லை. அதில் சாட்சி கையெழுத்து இருக்காது, இருக்கவும் கூடாது. அதனால் அதை அவர் கையில் கொடுத்து "இதில் இல்லையே" என்று கேட்டு ஒன்றும் ஆகாது. அது சாட்சியமே கிடையாது. பழைய 162, இப்போது 181, அரசுத்தரப்பு சாட்சியை முரண்படுத்த மட்டும்தான் அதை நமக்குத் தருகிறது. அதுவும் சாட்சிய சட்டத்தில் சொன்ன முறையில்: பழைய 145, இப்போதைய 148. எழுத்தில் இருப்பதை வைத்து மறுக்க வேண்டுமானால், முதலில் அந்தக் குறிப்பிட்ட பகுதிக்குச் சாட்சியின் கவனத்தைக் கொண்டுபோக வேண்டும். மொத்த வாக்குமூலத்தையும் ஆட்டிக் காட்டி "போலீசில் வேறு மாதிரி சொன்னீர்கள்" என்றால் காற்றில் போய்விடும். ஒப்புக்கொண்டால் முடிந்தது. மறுத்தால், அந்தப் பகுதி மட்டும் டெபோசிஷனில் ஏற வேண்டும், பிற்பாடு புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவர் மூலம் நிரூபிக்க வேண்டும். 2015-இல் வி.கே. மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கேஸில் இருப்பது முரண் கூட இல்லை, விடுதல். போலீசில் சொல்லாததைக் கோர்ட்டில் சேர்க்கிறார். அதற்கு இரண்டு பாதி உண்டு. அ.சா.1-இடம்: "2-ஆவது எதிரி கைகளைப் பிடித்தார் என்று போலீஸ் விசாரணையில் நான் சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்று வரும். மறுப்பார், மறுக்கட்டும். இரண்டாம் பாதி அதிகாரியிடம்: "அ.சா.1 என் விசாரணையில் அவ்வாறு சொல்லவில்லை என்றால் சரிதான்." இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு விடுதல். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுமே இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழெட்டு வருஷப் பிராக்டிஸில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்த நேரம். ஒரு கொடுங்காயக் கேஸில் அ.சா.1, 2, 3 மூவரிடமும் அழகாக விடுதல்களை வாங்கி வைத்தேன். வக்கீல்கள் அறையில் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். எட்டு மாசம் கழித்து ஒருநாள் ஐ.ஓ. (புலன் விசாரணை அதிகாரி) வந்திருக்கிறார். நான் அன்று வேறு கோர்ட்டில் வாதத்தில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஜூனியர் பையனை அனுப்பினேன், அவனுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அவன் "முறையாகப் புலன் விசாரணை செய்யவில்லை", "பொய் வழக்கு" என்று இரண்டு வழக்கமான கேள்வி கேட்டுவிட்டு வந்துவிட்டான். வாதத்தன்று நான் விடுதல்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "இதையெல்லாம் ஐ.ஓ.விடம் கேட்டிருக்கிறீர்களா?" பக்கத்தைப் புரட்டுவது போலப் புரட்டினேன். கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தண்டனை. கட்சிக்காரர் மனைவி கோர்ட் வராண்டாவில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

மூன்றாவது தாள் ஏ.ஆர். காப்பி. டாக்டரிடம் சண்டை வேண்டாம். காயம் எப்படி ஏற்பட்டது என்று அவருக்குத் தெரியாது, சொன்னதை எழுதியவர். "காயம்பட்டவர் சுயநினைவுடன் இருந்தார் என்றால் சரிதான். அவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்றால் சரிதான். தெரிந்த நபர் ஒருவர் என்று எழுதப்பட்டுள்ளது என்றால் சரிதான்." மூன்றே வரி. ஆனால் அதற்கு முன்னால் அ.சா.1-இடமே கேட்டிருக்க வேண்டும், "ஒருவர் அடித்ததாகத்தான் டாக்டரிடம் சொன்னேன்" என்று. அவரிடம் கேட்காமல் டாக்டரிடம் வாங்கினால் அது தொங்கிக்கொண்டு நிற்கும். கேட்டாலும் ஏ.ஆர். காப்பியை மட்டும் நம்பிவிடாதீர்கள். வைத்தியம் பார்க்கிறவருக்கு ஆள் கணக்கு முக்கியமில்லை என்று பல நீதிபதிகள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். புகாரோடு சேர்த்து வைத்தால்தான் அதற்குப் பலம்.

வெளிச்சம் பற்றி இந்தக் கேஸில் அ.சா.1-இடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள். சீஃபில் அவர் லைட்டைப் பற்றிப் பேசவில்லை என்று தெரிகிறது. சம்பவ இடத்தைப் பார்த்து ஐ.ஓ. தயாரித்த மாதிரி வரைபடத்தையும் பார்வை மகஜரையும் எடுத்துப் பாருங்கள். மின்கம்பம் காட்டியிருக்கிறதா? இல்லையென்றால் அது ஐ.ஓ.விடம் கேட்க வேண்டிய கேள்வி. அவர் படத்தில் இல்லாததை அவர் எரிய வைக்க முடியாது.

எஃப்.ஐ.ஆர். தாமதம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று போய்விடும். ஒரு கேள்வி, அவ்வளவுதான்.


தட்டச்சு ஓய்வு எழுதியது:

நான் வக்கீல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் டெபோசிஷன் அடித்தவன். மேலே சார் சொன்னதற்கு என் நாற்காலியிலிருந்து கொஞ்சம்.

வக்கீல் சார், நீங்கள் கேட்பது எதுவும் கட்டில் இருக்காது. ஐயா (நீதிபதி) டிக்டேட் செய்து நான் அடிப்பதுதான் இருக்கும். ஒருநாள் ஒரு பெரிய வக்கீல் மூச்சு விடாமல் கேட்டார்: "அங்கே வெளிச்சமே இல்லை, நீங்கள் நின்றது நூறு அடி தூரத்தில், உங்களுக்கும் எதிரிக்கும் முன்விரோதம், அதனால் பார்க்காததைப் பார்த்ததாகப் பொய் சொல்கிறீர்கள், அப்படித்தானே?" சாட்சி "இல்லை" என்றார். என்ன அடிப்பது? நாலு விஷயத்தையும் ஒரே வாக்கியமாக்கி, கடைசியில் "என்றால் சரியல்ல." அவ்வளவு தான். அந்த நாலில் முன்விரோதம் உண்மை என்று சாட்சியே சீஃபில் சொல்லியிருந்தார். தனியாகக் கேட்டிருந்தால் "சரிதான்" வந்திருக்கும். வக்கீல் உட்கார்ந்தபோது முகத்தில் ஜெயித்த களை. எனக்குப் பாவமாக இருந்தது.

சாட்சி கையை விரித்து "இத்தனை தூரம் சார்" என்பார். டெபோசிஷனில் கை தெரியாது. "சுமார் 3 அடி என்று சாட்சி கையால் காட்டுகிறார்" என்று பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஐயா மறுக்க மாட்டார். தலையை ஆட்டினாலும் அப்படித்தான்.

அப்புறம், விரல் நின்ற பிறகு அடுத்த கேள்வி. நான் இன்னும் பழைய பதிலை அடித்துக்கொண்டிருக்கும்போது புதுக் கேள்வி வந்தால் இரண்டில் ஒன்று சுருங்கிவிடும். எது சுருங்கும் என்பது என் கையிலோ உங்கள் கையிலோ இல்லை. சாட்சியைப் பார்த்துக் கேளுங்கள், பதில் வந்ததும் என்னைப் பாருங்கள். சாட்சிக்குப் படித்துக் காட்டும்போது நீங்களும் காது கொடுங்கள். "சொன்னேன்", "சொல்லவில்லை" மாறி விழுந்திருந்தால் அப்போதே சொன்னால்தான் உண்டு. ஆறு மாசம் கழித்து காப்பி வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கோபப்பட்ட வக்கீல்கள் எத்தனையோ பேர்.


அப்பீல்கட்டு எழுதியது:

நான் பெரும்பாலும் அப்பீல் பக்கம். அதாவது நீங்கள் எல்லோரும் கேட்டு முடித்ததைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொள்கிற வேலை.

உங்கள் கேள்வியில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. "அவன்தான் முதல்ல கை ஓங்கினான், அதைக் கேளுங்க." தயவுசெய்து யோசிக்காமல் கேட்டுவிடாதீர்கள். "நீங்கள் முதலில் அடித்ததால்தான் எதிரிகள் திருப்பி அடித்தார்கள் என்றால் சரியல்ல" என்று ஒரு வரி ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி மறுத்தது முதல் பாதியை. இரண்டாம் பாதியை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: எதிரிகள் இருவரும் அங்கே இருந்தார்கள், அடித்தார்கள். தம்பிக்காரர் "நான் அங்கேயே இல்லை" என்பது அதோடு முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விதானே, சாட்சியமா என்று தப்பிக்க முடியாது. வக்கீல் "இப்படித்தான் நடந்தது" என்று சாட்சியிடம் வைத்த யோசனையும் அதற்குச் சாட்சி தந்த பதிலும் சாட்சியத்தின் பகுதியாகும், எதிரியைக் கட்டுப்படுத்தும் என்று 2023-இல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மட்டும் வைத்துத் தண்டிக்க மாட்டார்கள், ஆனால் மற்றதோடு சேர்த்து நிச்சயம் பார்ப்பார்கள்.

முதலில் எதிரிகள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். ஒருவர் தற்காப்பு என்றும் இன்னொருவர் அங்கேயே இல்லை என்றும் சொன்னால் ஒரே வக்கீல் இருவருக்கும் நிற்க முடியுமா என்பதே கேள்வி. இதைச் சீனியரிடம் இன்றே சொல்லுங்கள்.

விடுதல் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். எல்லா விடுதலும் முரண் ஆகாது. 1959-இல் தாசில்தார் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகள் உட்கார்ந்து இதைப் பேசினார்கள். அதில் வரும் ஓர் உதாரணம் உங்கள் கேஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி: போலீசில் "ஏ குத்தியதைப் பார்த்தேன்" என்கிறார், கோர்ட்டில் "ஏ-யும் சி-யும் குத்தியதைப் பார்த்தேன்" என்கிறார். முதல் வாக்குமூலத்தில் "ஏ மட்டும்" என்பது தொக்கி நிற்கிறது, ஆகவே முரண். பிற்பாடு 1973 குற்ற நடைமுறைச் சட்டத்தில் 162-க்கு ஒரு விளக்கமே சேர்த்தார்கள்: முக்கியமான, அந்தச் சூழ்நிலைக்குச் சம்பந்தமுள்ள விடுதல் முரணாகலாம், ஆகுமா என்பது பொருண்மைப் பிரச்சினை. இப்போதைய 181-இலும் அது இருக்கிறது. சட்டை நிறம், நின்ற திசை என்று பதினைந்து விடுதலை வாங்கி வருகிறவர்களின் கட்டைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். இரண்டாவது எதிரியின் பங்கே விடுபட்டிருக்கிறது. அது ஒன்று போதும்.


கீழ்க்கோர்ட்டுக்காரன் எழுதியது:

அப்பீல்கட்டு சொன்னது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு யோசனைக் கேள்வியே வைக்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள், தம்பி. நம் தரப்பு என்ன என்பதைச் சாட்சியிடம் வைக்காமல் விட்டால், அந்த விஷயத்தில் அவர் சொன்னதை நாம் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 1961 கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் காராப்பியட் தீர்ப்பை இதற்காகத்தான் இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் இரண்டு மூன்று யோசனை, நன்றாக யோசித்து எழுதியவை. "2-ஆவது எதிரி சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல" என்பது போல. அதில் நம் கழுத்துக்குக் கயிறு இல்லை.

மேலே எழுதிய தட்டச்சு ஐயாவுக்கு ஒரு கும்பிடு. இதை யாராவது எனக்கு முதல் வருஷத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா.


மூன்றாம்வருடம் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சீனியரிடம் சொன்னேன். தம்பிக்காரருக்குத் தனி வக்கீல் வைத்தாகிவிட்டது. நான் 1-ஆவது எதிரிக்கு மட்டும். ஆனாலும் அந்த விடுதல் எங்கள் இருவருக்குமே வேண்டும், சாட்சி கதையைக் கூட்டிச் சொல்கிறவர் என்று காட்ட. நானே கேட்டேன்.

புகாரைக் கையில் கொடுத்ததும் அ.சா.1 கண்ணாடி வேண்டும் என்றார். பையில் தேடினார், இல்லை. அரை நிமிஷ அமைதிக்குத் தயாராகப் போனவன் இரண்டு நிமிஷம் நின்றேன். கடைசியில் பெஞ்ச் கிளார்க் தன் கண்ணாடியைக் கொடுத்தார். படித்தார். "இதுல இல்லீங்க" என்றார். டைப் ஆனது. அடுத்து போலீஸ் விசாரணை. "நான் சொன்னேன், அவர்தான் எழுதல" என்றார். "அவர் மேல் உங்களுக்கு என்ன விரோதம்?" என்று கேட்க வாய் வந்துவிட்டது. கேஸ் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வெளிச்சம் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. முடித்து உட்காரப் போகும்போது மாஜிஸ்திரேட்டே சாட்சியைப் பார்த்து, "ராத்திரி எட்டரை மணி என்கிறீர்கள், எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "கம்பத்து லைட்டு எரிஞ்சுது ஐயா." பதிவாகிவிட்டது. ஒரு வாரம் பூட்டி வைத்திருந்த கதவு. கால் நடுங்கியது. நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு வந்த பதில் மேல் கிராஸ் செய்ய அனுமதி வேண்டும் என்று படித்தது நினைவில் இருந்தது, புதிய சாட்சிய சட்டத்தின் 168. அனுமதி கேட்டேன், கொடுத்தார். ஒரே கேள்வி: கம்பத்து விளக்கு எரிந்தது என்று புகாரிலும் இல்லை, போலீசிலும் சொல்லவில்லை. புகாரில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார், போலீசில் சொன்னேன் என்றார். வரைபடத்தில் மின்கம்பம் காட்டவில்லை. பார்த்துவிட்டேன்.

அ.சா.3, எதிர்வரப்புக்காரர், அன்றைக்கே பிறழ் சாட்சி ஆகிவிட்டார். ஒன்றும் பார்க்கவில்லை என்றார். ஏ.பி.பி. அனுமதி வாங்கி அவரைக் கிராஸ் செய்தார், எல்லாவற்றையும் மறுத்தார். என்னைப் பார்த்து "கிராஸ்?" என்றார் மாஜிஸ்திரேட். நமக்குச் சாதகமாகத்தானே சொல்கிறார், இன்னும் நாலு நல்ல வார்த்தை வாங்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "இல்லை" என்றேன். சரியா?


கீழ்க்கோர்ட்டுக்காரன் எழுதியது:

ரொம்பச் சரி. நம் பக்கம் சாய்ந்தவரை இன்னும் சாய்க்கப் போனால், அவர் நம்மால் சாய்ந்தவர் என்று தெரிந்துவிடும்.

அந்த 168-ஐ நினைவில் வைத்திருந்தீர்களே, அங்கே நான் இருந்திருந்தால் எழுந்து வந்து கை கொடுத்திருப்பேன். இப்போது உங்களிடம் பாதி விடுதல் இரண்டு இருக்கிறது, கைப்பிடித்ததும் லைட்டும். வரைபடக் கேள்வியோடு சேர்த்து மூன்று வரி. கட்டின் மேல் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள், "ஐ.ஓ.விடம்" என்று தலைப்புப் போட்டு. தம்பிக்காரரின் வக்கீலிடமும் ஒரு நகல் கொடுங்கள். ஐ.ஓ. வாய்தா எப்போது?


மூன்றாம்வருடம் எழுதியது:

அடுத்த மாதம் 18. அன்று எனக்கு வேறு எந்தக் கோர்ட்டிலும் கேஸ் இல்லை. சீனியர் டைரியிலும் எழுதிவிட்டேன்.